கொண்டல தேடுனா கொண்டல் வரணும்ல

டேய் மாப்ள,

உன் மெயில் வந்து கெடக்கு, பதில் போட இப்பதான் ஒழிஞ்சுது. இங்க தடைக்காலம் ஜூன் 14ஓட முடிஞ்சு விசைப்படகெல்லாம் கெளம்பிருச்சு, ஆனா கச்சான் காத்து அடிக்கிற அடியில நாட்டுப்படகுக்காரங்க பாதி நாளு கரையிலதான் வலை பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. பாம்பன் புதுப்பாலத்த நடுவுல தூக்குறப்ப இன்னும் கூட்டம் கூடுது, நம்மாளுகளுக்கு வேடிக்கைன்னா போதுமே.

நோட்ஸ் எப்படி வச்சிருக்கன்னு கேட்டல்ல, எல்லாமே வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான்டா. சித்தப்பா கடலப் பத்தி சொல்லச் சொல்ல எழுதி வைக்கிறேன், அதுக்கு நோட்பேடே போதும். ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் மூணு ஹைபன், அதுக்குக் கீழ தேதி, இடம், காத்து, மீன்னு நாலே வரி, திரும்ப மூணு ஹைபன், அப்புறம் அவரு பேசுற மாதிரியே எழுதிட்டுப் போயிருவேன். ஃபைல் பேரு 2025-06-20னு வருஷத்துல ஆரம்பிக்கும், பேரு வரிசையில அடுக்குனாலே தேதி வரிசையும் வந்துரும்.

அந்த காத்துங்கிற வரிதான் எனக்கு உசுரு. "காத்து: வாடை"ன்னு தேடுனா எந்த வருஷம் எழுதுனதா இருந்தாலும் வாடைக்கால சமாச்சாரம் மட்டும் வந்து விழும், எந்த மீன்பாட்டுல எந்த வலை விட்டாங்கன்னு பாத்துக்கலாம். நீ என்னடான்னா மீன், மீன்கள், மீன்பிடின்னு மூணு டேக் வச்சிருக்க, எதுலனு தேடுவ? நாலு வரிக்கு மேல போனா ஒருத்தனும் ஒழுங்கா நிரப்ப மாட்டான், நீயும்தான்.

ரெண்டு விஷயம் பாத்துக்க. தலையில நேரத்த சும்மா 5:30னு போட்டா, பைத்தான்ல யாமெல் (இந்தத் தலை வரிகள எழுதுற முறை) படிக்கிற நிரல் அதை 330னு எண்ணாக்கிரும், 60 அடிமானக் கணக்காம் (5×60+30), அதனால மேற்கோள் குறிக்குள்ள போடு. இன்னொண்ணு நம்ம எழுத்து சம்பந்தப்பட்டது. "கொண்டல்"ங்கிற காத்துப் பேருல வர்ற ஒகரக் கொம்ப யூனிகோடுல ஒரே குறியீடாவும் வைக்கலாம், எகரக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாவும் வைக்கலாம், ஸ்க்ரீன்ல பாத்தா அச்சு அசல் ஒண்ணுதான், ஆனா கிரெப் மாதிரி குறியீட்ட மட்டும் ஒப்பிடுற தேடல்ல ஒண்ண அடிச்சா மத்தது சிக்காது. எங்கெங்கயோ இருந்து காப்பி பண்ணி ஒட்டுனா கலந்துதான் கெடக்கும், அதான் மொத்தத்தையும் ரெண்டையும் ஒரே குறியீடாக்குற என்எஃப்சிங்கிற யூனிகோடு வடிவத்துக்கு மாத்திட்டுத்தான் ஃபோல்டர்ல போடுறேன்.

அப்புறம், உங்கப்பா தொண்டியில மீன் ஏவாரம் பாத்தப்ப பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வச்ச கணக்கு இருக்குன்னியே, அதுக்கு அடியில கெடக்கிறதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான்டா, ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா ஒண்ணும் வெளங்காது. அப்படியே அனுப்பு, யூனிகோடா மாத்தித் தாறேன். தலையில போட வேண்டிய தேதியும் இடமும் மட்டும் அப்பாகிட்ட கேட்டு நீயே எழுதிரு, எந்தக் கணக்கு எந்தத் தேதி, எந்தக் கரைன்னு எனக்கு எப்புட்றா தெரியும்.