எதோடு ஒப்பிட்டார்கள்? சருமப் பூச்சுகள் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு கல்லூரி மாணவி பை நிறைய பாட்டில்களோடு கடைக்கு வந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். மொத்தம் ஏழு. இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது. "எது ஒத்துக்கலைன்னே தெரியலை" என்றார். பாட்டில்களைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தோம். மூன்றில் அமிலம், இரண்டில் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை. எல்லாவற்றையும் ஒரே இரவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியிருக்கிறார். அந்த ஏழில் நான்கு எங்கள் கடையில் வாங்கியவை. அவை இருந்த அலமாரியில் "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற அட்டையை ஒட்டியவர்களும் நாங்கள்தான்.

அந்த அட்டைகளை எடுத்துவிட்டோம். ஏன் எடுத்தோம் என்று உங்களிடம் சொல்லவே இந்த மடல்.

நிரூபிக்கப்பட்டது என்று யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதோடு ஒப்பிட்டார்கள்? 1996-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். வெயிலால் முகத்தோல் பழுதடைந்த 74 பெண்கள், 22 வாரங்கள். சிலருக்கு 8 சதவீத கிளைகாலிக் அமிலம் சேர்த்த கிரீம், சிலருக்கு 8 சதவீத லாக்டிக் அமிலம் சேர்த்த கிரீம், மற்றவர்களுக்கு அமிலம் எதுவும் சேராத வெறும் கிரீம். யாருக்கு எது போனது என்பது பூசியவருக்கும் தெரியாது, பார்த்து மதிப்பிட்ட மருத்துவருக்கும் தெரியாது. கடைசியில் முகம் ஒரு படியாவது தேறியவர்கள் கிளைகாலிக் குழுவில் 76 சதவீதம், லாக்டிக் குழுவில் 71 சதவீதம். வெறும் கிரீம் பூசிய குழுவில் 40 சதவீதம்.

அந்த 40 எங்களை ரொம்பவே யோசிக்க வைத்தது. அமிலம் வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒப்பிட அந்த வெறும் கிரீம் குழு இல்லாமல் இருந்திருந்தால், மொத்தப் பெருமையும் அமிலத்துக்கே போயிருக்கும். எந்த நல்ல கிரீமும் தோலில் ஈரத்தை நிறுத்தும். ஈரம் நின்றால் மெல்லிய கோடுகள் தணியும், முகம் பளிச்சென்று தெரியும். ஆகவே "பயன்படுத்திய பத்துப் பேரில் ஒன்பது பேர் மாற்றத்தை உணர்ந்தார்கள்" என்கிற மாதிரி வாசகம் அட்டைப்பெட்டியில் இருந்தால், அது பெரும்பாலும் பூசியவர்களிடம் கேட்டு எழுதியது. உள்ளே இருக்கும் அந்த ஒரு பொருள் தனியாக என்ன செய்தது என்பதற்கு அது பதில் ஆகாது.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எங்கள் அலமாரியைத் திரும்பப் பார்த்தோம்.

முதலில் நிற்பது சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு குழுவைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். இன்னொரு குழுவை வழக்கம்போல இஷ்டத்துக்கு விட்டார்கள். 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கையில் சிலிக்கான் அச்சு எடுத்து, தோலின் வரிகளை ஒப்பிட்டார்கள். இந்த முடிவு 2013-ல் வெளிவந்தது. தினமும் பூசியவர்களின் தோலில் முதுமையின் அடையாளம் 24 சதவீதம் குறைவு. நாலரை வருடம், சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பிரித்த குழுக்கள். எங்கள் கடையில் இருக்கும் வேறெந்த பாட்டிலுக்கும் இவ்வளவு நீண்ட, இவ்வளவு பேரை வைத்த ஆதாரம் இல்லை. இத்தனைக்கும் வாடிக்கையாளர்கள் சீரம் எல்லாம் எடுத்துக்கொண்டு கடைசியில் "இதுவும் ஒண்ணு போட்டுடுங்க" என்று கேட்பது சன்ஸ்கிரீனைத்தான். எங்களுக்கு அது மனவருத்தம்.

அளவையும் சொல்லிவிடுகிறோம். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்ட பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைத்தது. நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் அடியிலிருந்து நுனிவரை நீளமாக ஒரு கோடு பிழியுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய அவ்வளவு வேண்டும். மங்கு இருப்பவர்கள் லேசாக நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனாகப் பாருங்கள். மாநிறத் தோலையும் கருநிறத் தோலையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்க வைக்கும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுக்காது.

அடுத்தது வைட்டமின் ஏ குடும்பம். இதில்தான் குழப்பம் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாக. ட்ரெட்டினாயின் என்பது மருந்து. அமெரிக்காவில் 1971-ல் பருவுக்கும், 1995-ல் மெல்லிய சுருக்கங்களுக்கும் அனுமதி பெற்றது. 1988-ல் வந்த ஆய்வு எங்களுக்குப் பிடித்த வகை: 30 பேர், 16 வாரம், ஒரு முன்கையில் ட்ரெட்டினாயின், அதே ஆளின் மறு முன்கையில் வெறும் கிரீம். மருந்து பூசிய கை தேறியது, மற்ற கை தேறவில்லை. கூடவே பெரும்பாலானவர்களுக்குச் சிவப்பும் உரிதலும் வந்தன. அதனால்தான் இது மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டியது, நாங்கள் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. இந்த மருந்தோடு சேர்த்துப் பேசப்படும் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன், பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பல வருடம் சோதனைகள் செய்தவர். அதையும் மறக்காமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

கடையில் கிடைக்கும் ரெட்டினால் வேறு. தோலுக்குள் போய் இரண்டு படி மாறிய பிறகுதான் அது ட்ரெட்டினாயின் ஆகிறது. வழியில் கொஞ்சம் வீணாகும். ஆகவே மருந்துக்குக் கிடைத்த ஆதாரத்தை அப்படியே ரெட்டினாலுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதற்கென்று தனியாக ஆய்வு இல்லாமலும் இல்லை. 2007-ல் 36 முதியவர்களிடம், சராசரி வயது 87, ஒரு மேல்கையின் உட்புறம் 0.4 சதவீத ரெட்டினால் லோஷனும் மறு கையில் வெறும் லோஷனும் 24 வாரம் பூசிப் பார்த்தார்கள். ரெட்டினால் பூசிய கையில் மெல்லிய சுருக்கம் குறைந்தது. சிறிய ஆய்வு, ஆனால் நேர்மையான ஒப்பீடு. நாங்கள் ரெட்டினாலை நம்பிக் கொடுக்கிறோம், வாரத்தில் இரண்டு மூன்று இரவு, பொறுமையாகச் சில மாதங்கள் என்று சொல்லி. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கும் இந்தக் குடும்பத்தில் எதையும் கொடுக்க மாட்டோம்.

"அப்போ எரிச்சல் இல்லாத பாகுச்சியால் நல்லதா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கார்போக அரிசி என்று நாம் சொல்லும் விதையிலிருந்து வருவது அது. 44 பேரிடம் 12 வாரம் ரெட்டினாலோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன, பாகுச்சியாலில் எரிச்சல் குறைவு. சரி, நல்ல சேதிதானே? ஆனால் அந்த ஆய்வில் வெறும் கிரீம் பூசிய குழு இல்லை. நம்முடைய அந்த 40 சதவீதம் இரண்டு பக்கமும் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. விரும்பிக் கேட்டால் கொடுப்போம், ரெட்டினாலுக்குச் சமம் என்று சொல்லிக் கொடுக்க மாட்டோம்.

வைட்டமின் சி சீரம் பற்றி ஒரு கண்கூடான விஷயம். எங்கள் அலமாரியில் வெளிச்சம் படும் ஓரத்தில் இருந்த ஒரு சோதனை பாட்டிலை எடுத்துச் சொட்டுக் குழாயை உயர்த்தினால், டிகாக்ஷன் நிறத்தில் சொட்டியது. வந்தபோது தண்ணீர் மாதிரி இருந்தது. காற்றும் வெளிச்சமும் பட்டு அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, கெட்டுவிட்டது, அவ்வளவுதான். இந்தப் பொருள் தோலுக்குள் இறங்க அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) என்றும், 20 சதவீதத்துக்கு மேல் போட்டுப் பயனில்லை என்றும் 2001-ல் பன்றித் தோலில் செய்த சோதனைகள் காட்டின. மனித முகத்தில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன, எல்லாம் சிறியவை. நம்பத்தக்க பொருள்தான், பாட்டில் கெடாமல் இருக்கும்வரை. இனிமேல் இதை மூடிய பெட்டிக்குள்தான் வைப்போம்.

நியாசினமைடு வைட்டமின் பி3-ன் ஒரு வகை, சாதுவான பொருள். 5 சதவீதத்தில் 50 பெண்களின் முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் 12 வாரம் பூசிய ஆய்வில் திட்டும் மெல்லிய கோடும் ஓரளவு குறைந்தன. செய்தவர்கள் அழகுசாதன நிறுவனத்தின் விஞ்ஞானிகளே என்பதையும் மனதில் வையுங்கள். 10 சதவீத பாட்டிலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சதவீதப் போட்டி பற்றி எங்களிடம் இன்னொரு கோபமும் உண்டு. பருவுக்கான பென்சாயில் பெராக்சைடை 2.5, 5, 10 சதவீதம் என மூன்று அளவிலும் ஒப்பிட்ட 1986 ஆய்வில், சிவந்து வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம் மற்ற இரண்டுக்கும் இளைத்ததாக இல்லை. எரிச்சல் 10 சதவீதத்தை விடக் குறைவு. எண் பெரிதானால் பலனும் பெரிதாகும் என்பது, அதிகம் பூசினால் அதிகப் பலன் என்ற நினைப்பின் இன்னொரு வடிவம்; அந்த நினைப்புதான் அந்த மாணவியின் கன்னத்தைச் சிவக்க வைத்தது.

கொலாஜன் கிரீம்: கொலாஜன் என்பது தோலைத் தாங்கும் புரதம். அந்த மூலக்கூறின் எடை ஏறக்குறைய 3 லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). தோலைத் தாண்டி எளிதாக உள்ளே போக 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும். மேலே ஈரம் காக்கும், உங்கள் கொலாஜனோடு போய்ச் சேராது. ஹயலுரானிக் அமிலமும் பெரும்பாலும் மேல்மட்ட ஈரத்துக்குத்தான். அந்த வேலையைக் கிளிசரினும் சாதாரண வாசலினும் எத்தனையோ வருடமாக நன்றாகவே செய்கின்றன.

இனி கடையில் என்ன மாறும்? ஒவ்வொரு பொருளின் கீழும் சின்ன அட்டை ஒன்று இருக்கும்: எத்தனை பேரிடம், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டு, எந்த அளவில். வெறும் கிரீமோடு ஒப்பிடாதது என்றால் அதையும் அப்படியே எழுதுவோம். ரெட்டினால், அமிலம் போலத் தோலில் வேலை செய்யும் பொருள்களை 'ஆக்டிவ்' என்பார்கள்; ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு புது ஆக்டிவ்களை விற்க மாட்டோம். ஒன்றைத் தொடங்கி, ஆறு வாரம் பார்த்து, அப்புறம் வாருங்கள். நிறம் மாறிய வைட்டமின் சி பாட்டில் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றிக் கொடுக்கிறோம். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தால், உட்கார்ந்து பின்பக்க எழுத்தைச் சேர்ந்து படிப்போம். எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அந்த மாணவிக்கு ஏழையும் நிறுத்தச் சொல்லி, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்றும் சன்ஸ்கிரீன் ஒன்றும் மட்டும் கொடுத்தோம். சிவப்பு குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னோம். மூன்று வாரம் கழித்து வந்தார். கன்னம் தெளிந்திருந்தது. "இப்ப எதைத் திரும்ப ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டார். முகத்தில் அவருக்குக் குறையாகத் தெரிவது என்ன என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நெற்றியில் இரண்டு பரு என்றார். பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதத்தில் ஒரு சின்ன டியூப் எடுத்துக் கொடுத்தோம்.

அன்புடன்,
உங்கள் கடையினர்