ஒரே லென்ஸ் போதுமா?

அன்புள்ள கண்ணா,

போகிற இடத்திலெல்லாம் இரண்டு லென்ஸையும் கழற்றி மாட்டுவதிலேயே நேரம் போகிறது, ஒரே லென்ஸாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம். ஆனால் உன் பட்டியலில் முதலில் இருக்கும் டாம்ரான் 28-200-ஐ அடித்துவிடு. (இந்த எண்கள் மில்லிமீட்டரில் ஃபோகல் லெங்த்; எண் சின்னதானால் அகலமாகத் தெரியும், பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும்.) லென்ஸ் நல்ல லென்ஸ்தான், அபர்ச்சர், அதாவது வெளிச்சம் வரும் திறப்பு, எஃப் 2.8-இல் தொடங்குகிறது (எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம்), எடை 575 கிராம். ஆனால் அது ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்ஸார் உள்ள கேமராவுக்குச் செய்தது. உன் சோனி ஏ6400-இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்ஸார், ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட அதில் எந்த லென்ஸைப் போட்டாலும் 1.5-ஆல் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். 28 என்பது 42 ஆகிவிடும். ஒரு சின்ன அறைக்குள் நான்கு பேரைச் சேர்த்து எடுக்கப் பின்னால் போய்க்கொண்டே இருப்பாய், முதுகு சுவரில் முட்டும். அது போக, கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் அந்த லென்ஸில் இல்லை. உன் கேமரா பாடியிலும் இல்லை. இரண்டில் ஒன்றிலாவது இருந்தாக வேண்டும்.

மிச்சம் மூன்று. சோனி 18-135, டாம்ரான் 18-300, சிக்மா 16-300. மூன்றிலும் ஸ்டெபிலைசேஷன் உண்டு, மூன்றும் உன் சென்ஸாருக்கென்றே செய்தவை. எது என்று முடிவு செய்யும் முன் கம்ப்யூட்டரில் ஒரு வேலை பார். இப்போது உன்னிடம் 16-50, 55-210 இரண்டும் இருப்பதால் 16 முதல் 210 வரை நீ எங்கெங்கே நின்று எடுத்தாய் என்பது ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருக்கும். லைட்ரூம் மென்பொருளில் லைப்ரரி ஃபில்டரைத் திறந்து மெட்டாடேட்டாவில் ஃபோகல் லெங்த் என்று தேர்ந்தெடு; எந்த எண்ணில் எத்தனை படம் என்று வரிசையாகக் காட்டும். எல்லாப் படத்தையும் எண்ணாதே, நீ பொறுக்கி வைத்தவற்றை மட்டும் எண்ணு. தள்ளிவிட்ட படங்களைச் சேர்த்தால் கணக்கு தப்பாகிவிடும், ஏனென்றால் 210-இல் எடுத்து ஆடிப்போன படங்களும் அதில் வந்து சேரும்.

மூன்று எண்ணிக்கை போதும். 16-இல் எத்தனை, 135-க்கு மேல் எத்தனை, நடுவில் எத்தனை.

16-இல் நிறைய இருந்தால் கவனம். சோனியும் டாம்ரானும் 18-இல்தான் தொடங்குகின்றன. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர்களை 16-இல் எடுத்தால் சுமார் 4.4 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும், 18-இல் 3.9 மீட்டர். அரை மீட்டர் என்றால் ஒரு ஆள் நிற்கிற இடம். போதாததற்கு, உன் போனின் மெயின் கேமராவும் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் ஏறத்தாழ 24-க்குச் சமமான அகலத்தில்தான் இருக்கும். உன் கேமராவில் அது 16. தினமும் அந்த அகலத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு 18 இறுக்கமாகத்தான் தெரியும். அகலம் போதவில்லை என்றால் அப்புறம் சேர்க்க வழி கிடையாது. நிலக்காட்சி என்றால் பக்கம் பக்கமாக இரண்டு மூன்று எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், நடமாடுகிற ஆட்களை வைத்துக்கொண்டு அது நடக்காது.

நீளம் அப்படியில்லை, அதை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். உன் கேமராவில் 24 மெகாபிக்சல் இருக்கிறது. 135-இல் எடுத்து, 200-இல் எடுத்தது போல வெட்டினால் 11 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 தாளில் நன்றாக அச்சடிக்க 9 போதும். அதே படத்தை 300 அளவுக்கு வெட்டினால் ஐந்துக்கு இறங்கிவிடும். போன் திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆக 200 வரை 135 சமாளிக்கும். பறவை, மேடை, விளையாட்டு மைதானம் என்று 210-இலேயே முட்டிக்கொண்டு நிற்கிற படங்கள் உன்னிடம் ஐந்தில் ஒன்றாவது இருந்தால்தான் 300-க்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. பெட்டி மேல் எழுதியிருக்கும் 16 மடங்கு, 18 மடங்கு என்பதெல்லாம் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தது. படம் எப்படி வரும் என்று அது சொல்லாது.

அடுத்தது வெளிச்சம். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். டாம்ரானில் எஃப் 3.5-6.3 என்று போட்டிருக்கும். 18-இல் 3.5, 300-இல் 6.3 என்பது சரி, ஆனால் நடுவில் என்ன? இந்த வகை லென்ஸ்களில் அபர்ச்சர் சீக்கிரமே குறைந்துவிடும், பாதி தூரம் வருவதற்குள் கடைசி எண்ணைத் தொட்டுவிடுவது சகஜம். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கேமராவை ஏ மோடில் (அபர்ச்சரை நீயே வைக்கும் மோட்) வை, அபர்ச்சரை முழுதாகத் திற, ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பு. திரையில் எண் மாறும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள். 50-இல், 70-இல் என்ன வருகிறது என்பதுதான் நீ தினமும் எடுக்கப்போகிற படங்களின் வெளிச்சம்.

அதை ஐஎஸ்ஓவில், அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்ணில், போட்டுப் பார். சாயங்காலம், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம், ஓடுகிற குழந்தை. ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்குக் கீழே போகக் கூடாது. எஃப் 1.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 500 போதும் என்று வைத்துக்கொண்டால், அதே இடத்தில் எஃப் 3.5-இல் சுமார் 2000 வேண்டும், எஃப் 6.3-இல் 6400. கன்னத்தில் பொரிப் பொரியாகத் தெரியும், தலைமுடி குழைந்துபோகும். ஸ்டெபிலைசேஷன் இதில் உதவாது. அது உன் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், குழந்தையின் ஓட்டத்தை அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அதனால் எந்த ஆல்-இன்-ஒன் வாங்கினாலும் பையின் ஓரத்தில் ஒரு சின்ன லென்ஸ் இருக்கட்டும் என்பேன். சோனி 35 எஃப் 1.8 சுமார் 155 கிராம். 18-135 என்பது 325 கிராம். இரண்டும் சேர்ந்தாலும் 480 கிராம்தான். டாம்ரான் 18-300 தனியாகவே 620, சிக்மாவும் அறுநூறைத் தாண்டுகிறது. உன் கேமராவே 403 கிராம் என்பதை மறக்காதே. 620 கிராம் லென்ஸை மாட்டினால் முன்பக்கம் கவிழும், கழுத்துப் பட்டையில் தொங்கும்போது மூக்கு கீழே பார்க்கும், ஒரு கையால் எடுக்க முடியாது. நாளுக்கு ஒருமுறை, இருட்டும்போது மட்டும் லென்ஸை மாற்றுவது பெரிய பாரமில்லை. எண்ணிக்கை வேறு மாதிரிச் சொன்னாலொழிய நான் கைகாட்டுவது இந்த ஜோடியைத்தான்.

பின்னணி மங்கலாக வராதே என்று கவலைப்படாதே. அதைத் தீர்மானிப்பது எஃப் எண் மட்டும் இல்லை, ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்து வரும் திறப்பின் விட்டம். 35-ஐ 1.8-ஆல் வகுத்தால் 19 மி.மீ. 135-ஐ 5.6-ஆல் வகுத்தால் 24 மி.மீ. முகம் ஒரே அளவில் வருகிற மாதிரி பின்னால் தள்ளி நின்று 135-இல் எடுத்தால், தொலைவில் இருக்கும் மரங்கள் 35-ஐ விட நன்றாகவே கரையும். ஆள் சுவரில் சாய்ந்து நிற்கக் கூடாது, பின்னால் நிறைய இடம் வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டத்தில் எடுப்பதைப் பற்றி ஒன்று. 18-300-இல் பாதி அளவு மேக்ரோ, அதாவது பொருள் சென்ஸாரில் தன் பாதி அளவுக்கு விழும் படம், வரும் என்று விளம்பரத்தில் இருக்கும், பொய்யில்லை. ஆனால் அது 18-இல், 15 செ.மீ. தூரத்தில். அந்த 15 செ.மீ. சென்ஸாரிலிருந்து அளப்பது, லென்ஸே பன்னிரண்டரை செ.மீ. நீளம், லென்ஸ் மாட்டும் மவுண்டுக்கும் சென்ஸாருக்கும் இடையே இன்னும் கிட்டத்தட்ட இரண்டு. மிச்சம் ஒரு செ.மீ. கூட இல்லை. பூவின் மேல் லென்ஸின் நிழல் விழும், வெயில் மறைக்கும் ஹூட்டை முன்னால் போட்டிருந்தால் இதழே நசுங்கும். ஹூட்டைக் கழற்றி, கொஞ்சம் நீட்டிவைத்து, சற்றுத் தள்ளி நின்று எடுப்பதே நடைமுறைக்கு வரும்.

லென்ஸ் வந்த அன்றே கேமராவில் ஒரு செட்டிங் மாற்று. மெனுவில் ஐஎஸ்ஓ ஆட்டோ மினிமம் ஷட்டர் ஸ்பீட் என்று இருக்கும். அதை ஃபாஸ்டர் என்று வை. அப்போது நீ ஜூம் பண்ணப் பண்ண ஷட்டர் வேகமும் தானாக ஏறும். நீளக் கோடியில் படம் மங்குவதற்கு லென்ஸைத் திட்டுபவர்களில் பாதிப் பேர் உண்மையில் ஷட்டரைத்தான் திட்ட வேண்டும். இன்னொரு பாதி வெயிலை. உச்சி வெயிலில் தார் சாலைக்கு மேலே, கூரைகளுக்கு மேலே காற்று நெளியும். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்தை 300-இல் எடுத்தால் கோடுகள் அலை அலையாக வரும். எந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது, காலையில் போய் எடு. வெளிச்சம் இருக்கும்போது நீளக் கோடியில் எஃப் 8 வை, கூர்மை கொஞ்சம் கூடும். 11-ஐத் தாண்டாதே, இந்த சென்ஸாரில் அதற்கு மேல் மறுபடி மங்கத் தொடங்கும்.

பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்குவதாக இருந்தால் விளிம்பு மெல்லியதாகப் பார். சோனிக்கு 55, மற்ற இரண்டுக்கும் 67 அளவு. அது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தையாவது விழுங்கும், எனவே உள்ளே போனதும் கழற்றிவிடு. 18-இல் வானத்தை எடுத்தால் ஒரு பக்கம் கருநீலமும் ஒரு பக்கம் வெளிறியும் வரும். அது ஃபில்டரின் கோளாறு இல்லை, வானத்தின் இயல்பு.

நீளும் ஜூம் எல்லாமே காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். மணல் பறக்கும் இடத்தில் சும்மா நீட்டி மடக்கிக்கொண்டிருக்காதே. பையில் வைக்கும்போது முழுக்க மடக்கி, லாக் இருந்தால் போட்டு வை. இல்லையென்றால் நடக்க நடக்கத் தானாகவே நீண்டு, குழல் பையின் அடியில் இடிபடும். உள்ளே ஒன்றிரண்டு தூசி தெரிந்தால் பதற வேண்டாம், படத்தில் வராது. வானத்தில் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி தொடர்ந்து வந்தால் அது சென்ஸாரில் இருக்கும் தூசி.

இனி முக்கியமான வேலை. இவ்வளவு கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகரும் லென்ஸில் ஏதோ ஒன்று இம்மியளவு சாய்ந்திருந்தாலும் ஒரு மூலை மட்டும் மங்கும். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடு. சுவரை நேராக எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கேமரா சுவருக்கு இணையாக இல்லாவிட்டால் நல்ல லென்ஸும் தப்பாகத் தெரியும். அதற்குப் பதிலாக இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி, கோடுகள் தெளிவாகத் தெரிகிற ஏதாவது ஒன்றைப் பிடி. தண்ணீர்த் தொட்டியின் ஏணி, ஜன்னல் கம்பி, எதுவானாலும் சரி. காலை நேரம், முக்காலி, மெனுவில் ஸ்டெடிஷாட் (ஸ்டெபிலைசேஷனுக்கு சோனி வைத்த பெயர்) ஆஃப், இரண்டு வினாடி டைமர், அபர்ச்சர் முழுத் திறப்பு. அந்த ஏணியை நடுவில் வைத்து ஃபோகஸ் செய், பிறகு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடு, வளையத்தைத் தொடாதே. கேமராவைத் திருப்பித் திருப்பி ஏணியை மேல் இடது மூலை, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது என்று நான்கிலும் வைத்து ஒவ்வொரு படம் எடு. 18-இல் ஒரு சுற்று, 50-இல் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று. ஜூம் மாற்றும்போதெல்லாம் நடுவில் புதிதாக ஃபோகஸ்.

நூறு சதவீதத்தில் திறந்து பார். நான்கு மூலையிலும் ஏணி நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கும், இருக்கட்டும். நான்கும் ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மூன்றில் படிகளை எண்ண முடிந்து, நான்காவதில் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, மாற்றிக் கேள். எஃப் 8-இலும் அந்த மூலை தேறவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் அந்தப் படங்களை எனக்கு அனுப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதே, டாகுமென்டாக அனுப்பு. இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கி அனுப்பும், மூலை மங்கியது லென்ஸாலா வாட்ஸ்அப்பாலா என்று நான் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அம்மா