மெமேர் சொல்லும் ‘ஷெவ்ரெட்’டும் பிரெஞ்சுதான்: லூசியானாவின் கோடோஃபில் அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு மொழியை வளர்க்கும் கோடோஃபில் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் பதினோரு வருடமாக லஃபாயெட் நகரில் குடியிருக்கும் தமிழன். இந்த மடலை என் மொழியில் எழுதுகிறேன். ஆங்கிலப் படி உங்களுக்குத் தபாலில் வரும். எங்கள் பக்கம் ‘கேஜன்’ என்றால் பஃபே சாப்பாட்டில் வைக்கும் உருளைக்கிழங்குதான் ஞாபகத்துக்கு வரும். அது ஒரு சனத்தின் பெயர், அவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு, அந்தப் பேச்சு கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்கள் ஆட்களுக்கும் தெரியட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

போன மே மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 86 வயது. தெருவே அவரை ‘மெமேர்’ என்றுதான் கூப்பிடும்; பாட்டி என்று அர்த்தம். வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் மடியில் அலுமினியச் சட்டியை வைத்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சு வழியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். மெமேர் பேச்சுவாக்கில் இறாலை ‘ஷெவ்ரெட்’ என்றார். இவள் உடனே, “அப்படிச் சொல்லக் கூடாது மெமேர். ‘க்ரெவெட்’னு சொல்லணும். ஷெவ்ரெட்னா ஆட்டுக்குட்டி. டீச்சர் சொன்னாங்க” என்றாள்.

அவர் கோபப்படவில்லை. “சரி, ஷா” என்றார். ‘ஷா’ என்பது இங்கே நம்முடைய ‘கண்ணு’ மாதிரி. ஆனால் அன்று பொழுது சாயும் வரை அவளிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். இறால் தோல் ஒட்டிய விரல்களைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அதை நான் பார்த்தேன்.

ஏன் அப்படி ஆனார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கனடாவின் கிழக்குக் கரையில், இன்றைய நோவா ஸ்கோஷியாப் பக்கம், அகாடியா என்ற பெயரில் குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களை 1755 முதல் ஆங்கிலேயர்கள் கப்பலேற்றித் துரத்தினார்கள். சிதறியவர்களில் ஒரு பங்கு 1760களில் லூசியானாவின் சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தது. 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் இன்னும் ஆயிரத்தறுநூறு பேர் அளவில் வந்தார்கள். ‘அகாடியன்’ தேய்ந்து ‘கேஜன்’ ஆனது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீடுகளில் பிரெஞ்சு நிலைத்து நின்றது. பிறகு 1921இல் மாநில அரசியலமைப்பு, பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் நடக்க வேண்டும் என்றது. பிரெஞ்சில் வாய் திறந்த பிள்ளைக்கு அடி, முட்டி, நூறு தடவை இம்போசிஷன்.

மெமேர் 1945 வாக்கில் பள்ளிக்குப் போனவர். வெளியே போக வேண்டும் என்று கேட்க ஆங்கிலம் தெரியாது, பிரெஞ்சில் கேட்கப் பயம். பெஞ்சிலேயே நனைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். எண்பது வருடம் ஆன பிறகும் இதைச் சொல்லும்போது பாவாடையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். “நான் பட்டது போதும்” என்று தன் நான்கு பிள்ளைகளிடமும் ஆங்கிலத்திலேயே பேசி வளர்த்தார். கணவரும் அவரும் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாததைப் பேச மட்டும் பிரெஞ்சை வைத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். இத்தனைக்கும், இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் இறங்கிய அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களில் பள்ளியில் அடி வாங்கிய இந்தக் கேஜன் பையன்களும் உண்டு.

சரி, அந்த இறால் சமாசாரம். ‘க்ரெவெட்’ என்பது பிரான்சின் வடக்குக் கரையில் நார்மண்டி, பிகார்டிப் பக்கத்து மீனவர்கள் ‘ஷெவ்ரெட்’டைச் சொன்ன விதம். இறால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறது என்று வைத்த பெயர். பாரிஸ்காரர்கள் அந்தக் கரைப் பேச்சை எடுத்துக்கொண்டார்கள், அது அகராதியில் ஏறியது. ஆக, ஒரு வட்டார வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு வட்டார வழக்கைத் தப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் கடல் தாண்டி வந்தவர், நல்லவர், அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். பள்ளியின் பெயரும் வேண்டாம்.

என் கேள்வி உங்களிடம்தான். 1968இல் சட்டமன்றம் உங்கள் அமைப்பை உருவாக்கியபோது தலைமையேற்ற ஜேம்ஸ் டொமான்ஜோ, பள்ளி அழித்ததைப் பள்ளிதான் மீட்க வேண்டும் என்று வாதாடினார். அந்த மனிதரின் பிடிவாதம் இல்லாவிட்டால் இன்று என் மகளுக்குப் பிரெஞ்சு வகுப்பே கிடையாது. நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். உள்ளூர்ப் பேச்சு எழுத லாயக்கற்றது என்ற எண்ணம் டொமான்ஜோவிடமே இருந்தது. முதலில் ‘பிரெஞ்சு பேசாதே’ என்று அடி வாங்கிய தலைமுறை, பிறகு ‘நீ பேசுவது பிரெஞ்சே இல்லை’ என்று கேட்க வேண்டி வந்தது. உங்கள் நிலைப்பாடு இப்போது மாறிவிட்டது, லூசியானா பிரெஞ்சையும், கறுப்பின மக்கள் பெரும்பாலும் பேசிவரும் கூரி-வினி என்ற, பிரெஞ்சை அடியாகக் கொண்ட கிரியோல் மொழியையும் மதித்துப் பேசுகிறீர்கள். தெரியும். அந்த மாற்றம் இரண்டாம் வகுப்பு மேசை வரை இறங்கவில்லை என்பதைத்தான் என் மகள் வாயால் கேட்டேன்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறைக்கிறது என்றால், நான் கன்னியாகுமரிக்காரன். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீர் ‘வெள்ளம்’. சென்னையில் கல்லூரி விடுதியில் முதல் நாள் “கொஞ்சம் வெள்ளம் தாங்க” என்றதற்கு அறையே சிரித்தது. ஆறு மாதத்தில் என் பேச்சை நானே கழுவித் துடைத்துவிட்டேன். இப்போது அம்மாவிடம் போனில் பேசும்போதுகூட அது வருவதில்லை. லூசியானாவில் ‘கதாங்’ என்றால் பிள்ளை விளையாடும் பொம்மை. பிரான்சில் அது நடத்தை கெட்டவளைக் குறிக்கும். ‘பிஸ்தாஷ்’ இங்கே வேர்க்கடலை, அங்கே பிஸ்தா. இங்கத்துச் சொல்லோடு அங்கே போனால் எந்தச் சிரிப்பு காத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மொழி போனாலும் உச்சரிப்பு கொஞ்ச நாள் தங்கும். மெமேரின் ஆங்கிலத்தில் p, t, k எழுத்துகள் மூச்சுக்காற்று இல்லாமல் வரும். நாம் சொல்லும் ப, ட, க மாதிரியே. ‘திங்க்’ அவரிடம் ‘டிங்க்’, ‘தட்’ அவரிடம் ‘டாட்’. என் ஆங்கிலத்தை இந்த நாட்டில் ஒரு தடவைகூட ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்காதவர் அவர் ஒருவர்தான். கார் நின்றதும் ஆங்கிலத்தில் ‘கெட் டவுன்’ சொல்லி “இறங்குகிறாயா?” என்பார். மற்றவர்கள் காரைவிட்டு ‘வெளியே’தான் வருவார்கள், பிரெஞ்சுக்காரரும் தமிழரும் இறங்குவார்கள். சில்வி டுபுவா, பார்பரா ஹார்வத் என்ற இரு மொழியியலாளர்கள் 1990களில் இந்த உச்சரிப்பை ஆராய்ந்தார்கள். கிழவர்களிடம் இருந்த ‘டாட்’டை நடுத்தலைமுறை விட்டுவிட்டது, பேரன்மார் மறுபடி பிடித்துக்கொண்டார்கள், பேத்திகள் அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை என்று கண்டார்கள். வெட்கம் விலகினால் திரும்பி வரும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

நிலமும் காத்திருக்காது. 1930களிலிருந்து இந்தக் கரையில் ஐயாயிரம் சதுர கிலோமீட்டர் அளவுக்குக் கடல் எடுத்துக்கொண்டது. ஈல் த ழான் ஷார்ல் என்ற தீவில் பிரெஞ்சு பேசும் பூர்வகுடிகள் இருந்தார்கள். 1955க்குப் பிறகு தீவில் நூற்றில் 98 பங்கு தண்ணீராகிவிட்டது, 2022இல் அவர்களை உள்நாட்டுக்குக் குடிமாற்றினார்கள். ஒருவரை ஒருவர் வாசலில் பார்த்துப் பேசிய ஊர் கலைந்தால் பேச்சும் கலையும். ஆனால் புவாந்த்-ஓ-ஷியன் ஊரைப் பாருங்கள். 2021இல் பள்ளியை மூடினார்கள், அதே ஆகஸ்டில் ஐடா புயல் ஊரையே புரட்டிப் போட்டது. சனங்கள் விடவில்லை. சட்டமன்றம் வரை போய், 2023 ஆகஸ்டில் பிரெஞ்சு வழிப் பள்ளியாகத் திறக்க வைத்தார்கள், தங்கள் ஊர்ப் பிரெஞ்சுக்கு இடம் கேட்டு வாங்கி.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு பிரெஞ்சு வழி வகுப்புக்கும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உள்ளூரில் பிறந்து பிரெஞ்சு பேசும் ஒரு பெரியவரை வரவழையுங்கள். பட்டம் கேட்காதீர்கள், சம்பளம் கொடுங்கள். தன்னார்வத் தொண்டு என்று மாலை போட்டு அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியரை வகுப்பில் நிறுத்துமுன் ஒரு வாரம் இப்படி ஒரு தாழ்வாரத்தில் உட்கார வையுங்கள். பரீட்சைத் தாளில் ‘ஷெவ்ரெட்’ என்று எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைக்கக் கூடாது என்று எழுத்தில் சுற்றறிக்கை அனுப்பச் சொல்லிப் பள்ளி வாரியங்களிடம் பேசுங்கள். ‘க்ரெவெட்’டும் படிக்கட்டும், இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு என்ன நஷ்டம்?

இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும். மெமேர் வயதுக்காரர்கள் எங்கள் தெருவில் போன வருடம் மூன்று பேர் இருந்தார்கள். இப்போது அவர் ஒருவர்தான்.

அவரிடம் கேட்டுவிட்டேன். பள்ளி நடக்கிற தூரம், வருகிறேன் என்றார். பிள்ளைகள் முன்னால் யாரும் தன்னைத் திருத்தக் கூடாது, அது மட்டும் போதும் என்றார்.

இப்படிக்கு,
லஃபாயெட்டிலிருந்து ஒரு தகப்பன்