மாடித்தோட்டக் குழுக்களில் மலை ஆர்க்கிட் வாங்கும் நண்பர்களுக்கு

வணக்கம். மழைக்காலம் வந்தாலே நம் குழுக்களில் "மலை ஆர்க்கிட், கூரியர் உண்டு" என்று படங்கள் வர ஆரம்பித்துவிடுகின்றன. பாசியும் மரப்பட்டையும் ஒட்டியபடியே பிய்த்தெடுத்த செடிகள். தயவுசெய்து அவற்றை வாங்காதீர்கள்.

சீலோஜினி நெர்வோசா என்ற மலை ஆர்க்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி, பழனி, ஆனைமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சின்னச் செடி. நீலகிரியில் சேகரித்த மாதிரிகளை வைத்து 1841-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அசில் ரிஷார் இதற்குப் பெயர் வைத்தார். வெள்ளைப் பூ, உதட்டிதழின் நடுவில் மஞ்சள். அழகுதான், ஆசை வருவது இயல்பு. ஆனால் அதன் உடலமைப்பே சோலைக்காட்டின் மூடுபனிக்கும் குளிருக்கும் ஏற்றபடி அமைந்தது. அடியில் குமிழ் மாதிரி புடைத்திருக்கும் தண்டு மழையில்லாத மாதங்களுக்கான தண்ணீர்ச் சேமிப்பு. வேரைச் சுற்றி பஞ்சு போன்ற உறை உண்டு, மழையோ பனியோ பட்டதும் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். அந்த வேர்கள் பட்டையோடு இறுக ஒட்டியிருப்பதால் பிய்க்கும்போது பாதி அங்கேயே அறுந்துபோகும். மீதி வேரோடு வரும் செடியை, மே மாத இரவில்கூட 28 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னை மாடியில் வைத்தால் எப்படிப் பிழைக்கும்?

சரி, காட்டில் வேறு செடி முளைத்துவிடாதா என்று கேட்கலாம். அவ்வளவு சுலபமில்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது, அதற்கேற்ற பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும், பிறகு பூக்கவும் பல வருடங்கள் ஆகும்.

ஆர்க்கிட் வளர்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பூஞ்சையின் துணையில்லாமல் சர்க்கரை கலந்த வளர்ப்புக் கூழிலேயே விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-லேயே காட்டிவிட்டார். இன்று நர்சரிகளில் கிடைக்கும் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் கலப்பினங்கள் ஆய்வகத்தில் பெருக்கியவை, நம் வெயிலையும் தாங்கும், விலையும் அதிகமில்லை.

அதனால் பணம் அனுப்பும் முன் வேரின் படத்தைக் கேளுங்கள். அறுந்த வேர், மரப்பட்டை, இலையில் பாசி இருந்தால் அது காட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். குழு நிர்வாகிகளே, அப்படிப்பட்ட விளம்பரங்களை அன்றே நீக்கிவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் குழு விதிகளில் சேர்த்துவிடுங்கள்.