கருமுட்டைக்கு யார் கணக்கு வைப்பது? ஐ.சி.எம்.ஆருக்கு ஒரு திறந்த மடல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். குளோனிங், அதாவது ஓர் உயிரின் செல்லிலிருந்து அதன் மரபணு நகலை உருவாக்கும் பாடம் வந்தால் கரும்பலகையில் மூன்று ஆடுகளை வரைவேன். ஓர் ஆட்டின் மடியிலிருந்து செல், அதன் உட்கருவை வைக்க இன்னோர் ஆட்டின் உட்கரு நீக்கிய கருமுட்டை, மூன்றாவது ஆட்டின் கருப்பை. அம்புக்குறி போட்டு, பிறந்த குட்டிக்கு 'டாலி' என்று பெயர் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நடுவில் நிற்கும் அந்த முட்டை கொடுத்த ஆட்டைப் பற்றி எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

1996 ஜூலையில் டாலி பிறப்பதற்கு 277 முட்டைகளில் முயன்றார்கள். கருவாகத் தேறியவை 29. பிறந்தது ஒன்று. 2018இல் ஷாங்காயிலிருந்து வந்த செய்தியில் இரண்டு குரங்குக் குட்டிகள் கிடைக்க 21 தாய்க்குரங்குகளின் வயிற்றில் கருக்களை வைத்திருந்தார்கள். இந்தக் கணக்கில் மனிதக் குழந்தைக்கு முயல்வது கொடுமை. நீங்களும் 2017 வழிகாட்டு நெறிமுறைகளில் அதைத் தடை செய்திருக்கிறீர்கள். ஆனால் நெறிமுறை வேறு, சட்டம் வேறு. மனித குளோனிங்குக்கென்று நம்மிடம் இன்னும் தனிச்சட்டம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவன் ஒருவனின் அம்மா என்னைத் தேடி வந்தார். பையன் விபத்தில் போய்விட்டான். "அவனோட தலைமுடி கொஞ்சம் மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கேனுங்க டீச்சர். நீங்க பாடத்துல சொல்லுவீங்கன்னு சொன்னானே, அதுல இருந்து அவனையே திரும்பக் கொண்டு வர முடியுங்களா?" என்றார். முடியாதுங்கம்மா என்று உடனே சொல்ல நாக்கு எழவில்லை. அப்படியே ஒரு குழந்தை பிறந்தாலும் அது அவனுக்கு இருபது வருடம் பிந்திப் பிறந்த இரட்டைத் தம்பிதான். அண்ணன் எப்படிச் சிரித்தான், என்ன படித்தான் என்று ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டுப் பார்க்கும் வீட்டில் அந்தத் தம்பி வளர வேண்டியிருக்கும். அந்தத் தாயின் கண்ணீரைக் காசாக்க ஒருவன் கடை விரித்தால், அவனை உள்ளே தள்ள எந்தப் பிரிவு இருக்கிறது?

அதற்காக எல்லாவற்றையும் இழுத்து மூடச் சொல்லவில்லை. 2005இல் ஐ.நா. பொதுச்சபை எல்லா வகை மனித குளோனிங்கையும் தடுக்கச் சொன்ன பிரகடனத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. குழந்தை உண்டாக்குவதற்கு அல்ல, சிகிச்சை ஆராய்ச்சிக்கு வழி அடைபடக் கூடாது என்பதற்காக. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2013இல் அமெரிக்காவின் ஒரிகனில் மனிதக் கருமுட்டையில் வேறொரு செல்லின் உட்கருவை வைக்கும் இந்தக் குளோனிங் முறையில், உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனிதக் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அதே முறையில் முதல் வகை நீரிழிவு நோயாளி ஒருவரின் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்தார்கள். தினமும் ஊசியோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்காக நான் அந்தப் பக்கம்தான்.

ஆனால் முட்டை எங்கிருந்து வரும்? பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து ஊசி வழியே உறிஞ்சி எடுப்பது. சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். தென் கொரிய விஞ்ஞானி ஹ்வாங் வூ சுக் மனிதக் கருவைக் குளோன் செய்ததாக 2004இல் அறிவித்தபோது, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் ஒரே ஒரு குருத்தணு வரிசைக்கு 242 முட்டைகள் என்றார். கடைசியில் அந்த ஆய்வே பொய் என்று தெரிந்தது. சில முட்டைகளுக்குக் காசு கைமாறியிருந்தது. அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம்பெண்கள் இரண்டு பேர்கூட முட்டை கொடுத்திருந்தார்கள். மேலதிகாரியின் ஆராய்ச்சிக்கு 'விருப்பத்தோடு' கொடுத்தார்களாம்!

கொரியா வரை போவானேன். நம் நாட்டில் ஒரு பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் கருமுட்டை தரலாம், 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் எங்கள் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்தது. கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருத்தி. குழந்தையில்லாத் தம்பதிகளின் தேவைக்கே இந்த நிலை. ஆராய்ச்சிக்கூடங்களும் வாங்க வந்தால் தரகர்கள் முதலில் தட்டப் போவது எங்கள் தறிக்கூடத் தெருக்களின் கதவுகளைத்தான்.

ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகாவின் முறையில் தோல் செல்லையே குருத்தணுவாக மாற்றலாம். அதற்குக் கருமுட்டையே வேண்டாம். அந்த வழி இருக்கும் ஆய்வுக்கு முட்டை கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். தாய்வழி வரும் மைட்டோகாண்டிரியா நோய்களைப் போல முட்டை இல்லாமல் முடியாதவை சில உண்டு. அவற்றுக்கு மட்டும் யோசியுங்கள். குழந்தைப்பேறு சிகிச்சைக்கென்று எடுத்த முட்டை, கொடுத்தவளுக்குத் தெரியாமல் ஆய்வகத்துக்குப் போகக் கூடாது. அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், அதுவும் அவள் படிக்கும் மொழியில். படிக்கத் தெரியாவிட்டால், மருத்துவமனையோடு சம்பந்தமில்லாத ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். குழந்தைக்கான குளோனிங்கைத் தண்டனையோடு தடுக்கும் சட்டத்துக்கு நாடாளுமன்றத்திடம் நீங்களே பரிந்துரை செய்ய வேண்டும்.

ஆய்வுக்கான அனுமதி விண்ணப்பத்தில் இன்னும் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்: எத்தனை பெண்களிடமிருந்து, எத்தனை முட்டைகள், அவர்களில் எத்தனை பேர் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் அந்த எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
ஈரோடு மாவட்டம்