கல்லில் எங்க தாத்தா பேரையும் கொத்துங்கள்

உசிலம்பட்டிப் பக்கத்து எங்க ஊர்ப் பெரியவர்களுக்கும், கல்வெட்டு வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும் இளவட்டங்களுக்கும் வணக்கம்.

மந்தையில் வைக்கப்போகும் கல்லுக்கு எழுதிய பட்டியலில் பட்டாளத்துக்குப் போன அத்தனை பேரும் இருக்கிறார்கள், எங்க தாத்தாவைத் தவிர. கேட்டால், "அவரு கப்பல்லதானப்பா இருந்தாரு, சண்டைக்கா போனாரு?" என்கிறீர்கள்.

அவர் இருந்தது நீர்மூழ்கி. குர்சுரா என்று பேர், சோவியத்தில் கட்டியது, 1969 டிசம்பரில் ரிகா துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் அதற்கு அரபிக்கடலில் ரோந்து வேலை. தாத்தா இன்ஜின் அறையில். மூன்று டீசல் இன்ஜின், பக்கத்தில் நிற்பவனிடம் பேசக்கூட சைகைதான், கடைசிவரை அவருக்கு இடது காது சரியாகக் கேட்டதில்லை. முங்கிக் கிடக்கும்போது பேட்டரியில்தான் ஓட்டம். அது இறங்க இறங்க, ராத்திரியில் மேலே வந்து குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்றியாக வேண்டும். எதிரிக்குத் தட்டுப்படுகிற நேரமும் அதுதான். குளிக்க நல்ல தண்ணீர் கிடையாது. லீவில் வந்தால் அவர் டிரங்குப் பெட்டியை அப்பத்தா வீட்டுக்குள் விடாதாம், அவ்வளவு டீசல் நாத்தம்.

ஒரு டார்பிடோகூட (தண்ணிக்குள்ளேயே பாய்ந்து போய் கப்பலை அடிக்கிற குண்டு) விடலையே என்பீர்கள். உத்தரவு அப்படி: எதிரியின் போர்க்கப்பல்தான் என்று உறுதியானால்தான் அடிக்கலாம், சரக்குக் கப்பலென்றால் மேலிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லையில் விடிய விடிய நின்றுவிட்டு ஒரு தோட்டாகூடச் சுடாமல் வந்த மாமாக்கள் பேரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதே (இருக்க வேண்டியதுதான், அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை).

கடலில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு: அதே டிசம்பரில் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியபோது உள்ளே இருந்த ஒருத்தரும் பிழைக்கவில்லை. நம் போர்க்கப்பல் குக்ரி 9ஆம் தேதி டையூ பக்கம் மூழ்கியது, 18 அதிகாரிகள், 176 மாலுமிகளோடு. நீர்மூழ்கியில் அடிபட்டால் ஊருக்கு உடம்புகூட வராது.

குர்சுரா இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. இளவட்டங்கள் ஒருதரம் போய், குனிந்து ஒவ்வொரு காலாக உள்ளே விட்டு, அந்த வட்டக் கதவுகளைத் தாண்டிப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கல் இன்னும் கொத்தி முடியவில்லை என்று கேள்வி. பேருக்குப் பக்கத்தில் 'நீர்மூழ்கி, 1971' என்று போட்டால் போதும். கொத்துக்கூலி நான் தருகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள், அவருடைய சர்வீஸ் புக் அப்பாவிடம் இருக்கிறது.