எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்: மலச்சிக்கல் மருந்து ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகக் கூடங்களிலும் மருத்துவமனைச் சோதனைப் பிரிவுகளிலும் பணியாற்றும் மதிப்புக்குரிய ஆய்வாளர்களுக்கு, வணக்கம்.

கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற மருந்துகளால் வரும் குமட்டலும் மயக்கமும் பெரும்பாலும் சில நாள்களில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. குடல் சுவர் நரம்புகளில் உள்ள மியூ ஏற்பிகளை, அதாவது இம்மருந்துகள் ஒட்டிச் செயல்படும் இடங்களை, மருந்து பிடித்துக்கொள்வதால் குடலின் தள்ளுவிசை தளர்கிறது, சுரப்பு குறைகிறது, தேங்கிய மலம் நீரிழந்து கல்லாகிறது. ஆசனவாய்த் தசையும் இறுகுகிறது. இங்கே நார்ப்பொடியான இசப்கோல் உதவாது. தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு அது குடலையே அடைத்துவிடலாம். மார்ஃபின் தொடங்கும் அன்றே சென்னா, மாக்ரோகோல் போன்ற மலமிளக்கி ஒன்றைத் தொடங்க வேண்டும்.

அதுவும் போதாதவர்களுக்குத்தான் நீங்கள் ஆய்வு செய்யும் மருந்துகள். மார்ஃபினை ஏற்பிகளில் ஒட்டவிடாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோனில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் கிடைப்பது மெத்தில்நால்ட்ரெக்சோன்; அது மின்னேற்றம் பெற்றதால் மூளைக்குள் எளிதில் புகாது. வலி திரும்பாமல் குடல் மட்டும் விடுபடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியான் கோல்ட்பர்க் முன்னெடுத்த இந்த மருந்துக்கு 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இதே வேலையைச் செய்யும் நாலோக்ஸெகால் 2014இல், நால்டெமெடின் 2017இல் வந்தன.

இருந்தும் குறை தீரவில்லை. நாலோக்ஸெகாலின் 12 வாரச் சோதனை ஒன்றில் 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் 44.4 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29.4. அவர்கள் புற்றுநோய் அல்லாத வலி உள்ளவர்கள். எங்கள் நோயாளிகளோ பெரும்பாலும் புற்றுநோயால் மெலிந்த முதியோர்.

பலன் என்பது முதன்மையாக வாரத்தில் எத்தனை முறை மலம் போனது என்ற கணக்கு. இறுகிய கட்டியைச் சுற்றி நீராக மலம் கசியும்போது அதுவும் ஒரு முறையாகப் பதிவாகலாம். பல வீடுகளில் அந்தக் குறிப்பை எழுதுவது இல்லப் பணிப்பெண். வயிற்றுப்போக்கு என்று நினைத்து, அதை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். ஆகவே முக்குதல், முழுதாகப் போகாத உணர்வு, மலத்தின் தன்மை ஆகியவற்றையும் முதன்மை அளவீடாக்குங்கள். படங்களோடு கேளுங்கள். தமிழ்ப் படிவத்தில் "மலங்கழிப்பு" என்று எழுதாதீர்கள்; "வெளிக்குப் போனீர்களா, முக்கினீர்களா" என்றால் எந்தப் பாட்டியும் பதில் சொல்வார்.

எடையையும் கவனியுங்கள். மெத்தில்நால்ட்ரெக்சோன் ஊசி 38 கிலோ முதல் 62 கிலோவுக்குக் குறைவாக உள்ளவர்களுக்கு 8 மில்லிகிராம். 36 கிலோ உள்ளவருக்கு எடையை 0.0075ஆல் பெருக்கி, 0.27 என்பதை 0.3 மில்லிலிட்டராக உயர்த்த வேண்டும். நள்ளிரவில் வீட்டில் இந்தக் கணக்கு தவறும். மெலிந்தவர்களுக்கென அளந்து நிரப்பிய ஊசி வேண்டும்.

நாலோக்ஸெகாலுடன் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கூடாது, கிரேப்ஃப்ரூட்டையும் தவிர்க்க வேண்டும். சீனப் புத்தாண்டில் வீடுதோறும் அதே இனப் பழமான பம்பளிமாஸ் வருகிறதே, அதையும் சோதித்துச் சொல்லுங்கள்.

குடல் அடைப்பு உள்ளவருக்கு இம்மருந்துகள் கூடவே கூடாது. குடலில் கட்டி உள்ளவருக்குக் குடல் துளைபடும் ஆபத்து உண்டு. அந்த எச்சரிக்கை பெட்டியின் வெளியே நான்கு மொழிகளிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நோய்த்தணிப்புப் பராமரிப்பில் பணியாற்றும் மருந்தாளர்கள், தாதியர்